நான்காவது பெயர்

1999 மார்ச் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. காந்திமதிநாதன் தன் ஸ்கூட்டரை அந்த வீட்டு வேப்பமரத்தடியில் நிறுத்தும்போது மணி பத்தரை. பாளையங்கோட்டையிலிருந்து ஆற்றுக்கு இறங்கும் சாலையில் அதுதான் கடைசி வீடு. எந்தக் காலத்திலோ ஒரு வக்கீல் கட்டியது. சுவர்கள் ஒவ்வொன்றும் இரண்டு அடி கனம். வாசலைத் தாண்டி உள்ளே கால் வைத்ததும் சாலையில் போன லாரியின் இரைச்சலும் மரத்துக் காக்கைகளின் கூச்சலும் கத்தரித்தாற்போல நின்றுபோயின.

பழைய சுண்ணாம்பின் ஈர வாசனை. அதோடு, புதிதாகப் பிரித்த அட்டைப்பெட்டிகளின் வாசனை.

"வாங்க அண்ணாச்சி. ஒங்களுக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கோம்" என்றார் வில்சன்.

வில்சன் கப்பலில் எலெக்ட்ரிக்கல் ஆபீசர். வருஷத்தில் பத்து மாதம் கடல்தான். இந்த முறை ஜப்பானில் இருந்து ஒரு டிவி, ஒரு டேப் ரெக்கார்டர், அறைக்கு ஒன்றாக வைக்க நான்கு சின்னப் பெட்டிகள் எல்லாம் வாங்கி வந்திருந்தார். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு ஸ்பீக்கர், ஒரு மைக், ஒரு வரிசை பொத்தான்கள்.

"ஒரே ஒரு ஒயர் அண்ணாச்சி. பூ கோக்குத மாதிரி எல்லாத்தையும் இதுல கோத்துரணும். மாடியில இருந்து பொத்தான அமுக்குனா குசினியில கேக்கணும். ஹால்ல ஓடுத பாட்டு பின்கட்டுல கேக்கணும். எல்லாம் டிஜிட்டல்."

காந்திமதிநாதன் இருபது வருஷமாகப் பாளை மார்க்கெட் பக்கம் ரேடியோ, டேப், டிவி பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். டிஜிட்டல் இணைப்பைப் பற்றிப் பத்திரிகையில் படித்ததோடு சரி. சுண்டு விரலைவிட மெல்லிசான அந்தச் சாம்பல் நிற ஒயரைக் கையில் எடுத்தபோது, இந்த ஜில்லாவிலேயே இதை முதலில் தொடுகிறவன் நான்தான் என்று அவருக்குத் தோன்றியது. அந்த நினைப்பு அவருக்கு மிகவும் பிடித்திருந்தது. நடந்த எல்லாவற்றுக்கும் தொடக்கம் அதுதான் என்று பின்னால் அவர் நினைத்துக்கொள்வார்.

வேலை ஆறு நாள் நடந்தது. வில்சனின் மனைவி ஃபிளோரா வேளா வேளைக்குக் கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து தருவாள். உவரிக்காரப் பெண். முப்பது வயதுகூட இருக்காது. அவளுக்கு இழுப்பு நோய் உண்டு. மாடிப்படி ஏறி வந்தால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நிற்பாள். அவள் இருக்கும் இடத்தில் எப்போதும் லேசாகத் தைல வாசனை வரும்.

இணைப்பு கொடுத்து முடித்ததும் டிவி திரையில் ஒரு பட்டியல் வந்தது. எந்தெந்த அறை இணைந்திருக்கிறது என்று காட்டும் பட்டியல். பெயர்களை நாமே வைத்துக்கொள்ளலாம். ஃபிளோரா அருகில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். "ஹால், பின்கட்டு, மாடி. கிச்சன்னு போடாதிய அண்ணாச்சி, குசினின்னே போடுங்க. எங்க ஊர்ல அப்பிடித்தான்."

நான்கு பெயர்கள். நான்கு பச்சைப் புள்ளிகள்.

ஐந்தாம் நாள் வில்சன் அவரை மட்டும் மாடிக்குக் கூட்டிப் போனார். அங்கே ஒரு சுவர் அலமாரி இருந்தது. அதன் கதவைத் திறந்து, டேப் ரெக்கார்டரை உள்ளே வைத்தார்.

"இன்னொரு வேல இருக்கு அண்ணாச்சி. அவளுக்குத் தெரிய வேண்டாம்."

"சொல்லுங்க சார்."

"பொத்தான அமுக்குனாத்தான் மைக் வேல செய்யும்னு அவ நெனைக்கட்டும். ஆனா மாடி மைக்கும் குசினி மைக்கும் எப்பவும் தொறந்தே இருக்கணும். சத்தம் வந்தா இந்த ரெக்கார்டர் ஓடணும். சத்தம் நின்னா நிக்கணும்."

"எதுக்கு சார்?"

"தனியா இருக்கால்லா. ஒரு பாதுகாப்புக்கு." வில்சன் அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "மாசம் ஒருக்க வந்து கேசட்ட மாத்தணும். பழைய கேசட்ட சிங்கப்பூர் ஏஜென்ட் ஆபீசுக்கு அனுப்பிருங்க. எனக்குக் கெடைக்கும்."

பாதுகாப்புக்கு இல்லை என்பது காந்திமதிநாதனுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் அவர் மனம் வேறு எங்கோ ஓடிக்கொண்டிருந்தது. அதற்குத் தனி ஒயர் இழுக்க வேண்டும். பட்டியலில் ரெக்கார்டரின் பெயர் வராமல் மறைக்க வேண்டும். முடியுமா? முடியும் என்றுதான் தோன்றியது.

மறுநாள் சுவரோரமாக அந்தத் தனி ஒயரை அவர் இழுத்துக்கொண்டிருந்தபோது ஃபிளோரா காப்பியோடு வந்து நின்றாள்.

"இது எதுக்கு அண்ணாச்சி? அதான் ஒரே ஒயர்னு சொன்னாவளே."

"இது எர்த்து ஒயரும்மா. கரண்ட் அடிக்காம இருக்க."

"அப்ப சரி" என்று அவள் டம்ளரை வைத்துவிட்டுப் போனாள்.

வில்சன் மார்ச் கடைசியில் கப்பலுக்குப் போனார். அதன் பிறகு ஒவ்வொரு மாதமும் ஒண்ணாம் தேதி, 'சர்வீஸ்' என்று சொல்லிக்கொண்டு காந்திமதிநாதன் அந்த வீட்டுக்குப் போனார். ஃபிளோரா காப்பி போடக் குசினிக்குப் போகும் நேரத்தில் வில்சன் தந்த சாவியால் மாடி அலமாரியைத் திறந்து கேசட்டை மாற்றினார். மாதத்துக்கு ஒரு கேசட் போதுமானதாக இருந்தது. அவள் அவ்வளவு குறைவாகத்தான் பேசினாள்.

ஜூலை ஒண்ணாம் தேதி அவர் வாசலில் நின்று மணி அடிக்கப் போனபோது உள்ளே ஓர் ஆண் குரல் கேட்டது. கனத்த, அடைத்த குரல்.

"ஃபிளோரா, சாப்ட்டியா?"

அதற்கு அவள் சிரிப்பது கேட்டது. வில்சன் வந்துவிட்டாரோ என்று நினைத்து மணியை அடித்தார். கதவு திறந்தது. உள்ளே அவள் மட்டும்தான். முகம் சிவந்துபோயிருந்தது.

"கேட்டுட்டியளா?"

"யாரும்மா அது?"

"நாந்தான் அண்ணாச்சி." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "குசினியில பொத்தான அமுக்கிட்டு அவுக கொரல்ல பேசுவேன். அது மாடிப் பெட்டியில கேக்கும். அப்புறம் மாடிக்கு ஓடி, என் கொரல்ல பதில் சொல்லுவேன். வீடு முழுக்க ஆள் இருக்க மாதிரி இருக்கும். யார்ட்டயும் சொல்லிராதிய. கிறுக்கின்னு நெனைப்பாவ."

"சொல்ல மாட்டேம்மா" என்றார் காந்திமதிநாதன். மாடிக்குப் போய் அந்தக் கேசட்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். தபால் அலுவலகத்தில் அதைப் பொட்டலம் கட்டும்போது ஒரு கணம் கை நின்றது. பிறகு முகவரியை எழுதினார்.

அக்டோபர் பத்தாம் தேதி வாக்கில் கடைக்கு போன் வந்தது.

"அண்ணாச்சி, வில்சன் பேசுதேன். சிங்கப்பூர்ல இருந்து."

"சொல்லுங்க சார்."

"கடைசி மூணு கேசட்லயும் ஒரு ஆம்பளக் கொரல் கேக்கு. 'சாப்ட்டியா'ங்கான். இவ சிரிக்கா. யாரு அவன்?"

அது ஃபிளோராம்மா கொரல்தான் சார். நான்கே சொற்கள். சொல்லத்தான் காந்திமதிநாதன் வாயைத் திறந்தார்.

"மாசாமாசம் அங்க போறது நீங்க ஒருத்தர்தான்" என்றது போன். "அது ஒங்க கொரல் இல்லயே?"

"அய்யோ, என்ன சார் இப்பிடிக் கேக்கிய?"

"அப்ப யாரு?"

அவளே என்னிடம் சொன்னாள் என்று சொன்னால், அவள் ரகசியம் சொல்லும் அளவுக்கு உனக்கு அங்கே என்ன பழக்கம் என்று கேட்பார். அந்தக் கேள்விதான் அவர் முன்னால் பெரிதாக நின்றது.

"நான் கேசட்ட மாத்திட்டு வந்துருவேன் சார். எனக்கு ஒண்ணும் தெரியாது."

போன் வைக்கப்பட்டது.

நவம்பர் ஒண்ணாம் தேதி போகவா வேண்டாமா என்று மத்தியானம் வரை தயங்கிவிட்டு, மூன்று மணிக்குப் பிறகுதான் அந்த வீட்டுக்குப் போனார். வானம் மூடிக் கிடந்தது. மழை வராமல் புழுங்கியது. வாசல் கதவு சாத்தியிருந்தது. மணி அடித்தார்.

யாரும் வரவில்லை.

உள்ளே ஹாலில் இருந்து ஏதோ சத்தம் கேட்டது. ஸ்பீக்கர் இழுப்பதுபோல. நீளமாக, கீச்சென்று, விட்டு விட்டு. ஏதோ பழுது என்று நினைத்தார். இன்னொரு முறை மணி அடித்தார். சத்தம் சற்று வேகமானது.

கதவு திறக்கவில்லை. அவள் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்று அவருக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு கடைக்கு வந்துவிட்டார்.

மறுநாள் காலை டீக்கடை மாடக்கண்ணு கிளாசைக் கழுவிக்கொண்டே சொன்னார். "ஆத்து ரோட்டு கப்பக்காரர் வீட்டம்மா நேத்து எறந்துபோச்சாம்லா. இழுப்பு வந்துட்டாம். சின்ன வயசுவே, பாவம்."

காந்திமதிநாதன் டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு எழுந்தார்.

துக்கம் கேட்க அவர் போகவில்லை. உடலை உவரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டார். வில்சன் இரண்டு வாரத்தில் மறுபடி கப்பலேறினார். வீட்டை அப்படியே சாமான்களோடு வாடகைக்கு விட்டுவிட்டார் என்றும் தெரிந்தது. அந்தச் சாலைப் பக்கமே போகாமல் இருந்துவிட்டால் போதும் என்று காந்திமதிநாதன் நினைத்தார்.

டிசம்பர் நடுவில், நோன்பு மாதத்தில், புதிதாகக் குடிவந்தவர் கடையைத் தேடி வந்தார். பீர் முகம்மது என்று பெயர். மேலப்பாளையத்தில் ஜவுளிக் கடை.

"பெட்டி மேல ஒங்க கடை ஸ்டிக்கர் இருக்கு அண்ணாச்சி. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க. எம் பொஞ்சாதி பயப்படுதா."

"என்ன பழுது?"

"பழுதுன்னு சொல்லத் தெரியல."

மத்தியானம் இரண்டரைக்குப் போனார். ஹாலில் திரைச்சீலைகளை இழுத்து விட்டிருந்தார்கள். பகலிலும் உள்ளே சாம்பல் வெளிச்சம்தான். பீர் முகம்மதுவின் மனைவி மைதீன் பாத்திமா பள்ளிக்கூட டீச்சர். பிரசவ லீவில் இருந்தாள். பயந்தவளாகத் தெரியவில்லை. ஒரு நோட்டை நீட்டினாள். அதில் தேதி போட்டு நேரம் எழுதியிருந்தாள். ஒன்பது நாள். ஒன்பது நாளும் மூன்று பத்து.

"அந்த நேரத்துக்கு எல்லா ஸ்பீக்கர்லயும் சத்தம் வருது. மொதல்ல இதப் பாருங்க" என்று டிவியைப் போட்டாள்.

பட்டியல் வந்தது. ஹால். குசினி. பின்கட்டு. மாடி.

நான்கு பச்சைப் புள்ளிகள்.

"மாடியில பெட்டியே இல்லையே அண்ணாச்சி. நாங்க வரும்போதே பிச்சு எடுத்திருந்தாவ. பின்ன எப்பிடி இது காட்டுது?"

அவர் மாடிக்கு ஏறினார். அறை மூடியிருந்தது. கதவின் வெளிப்பக்கம் தடியான இரும்புத் தாழ்ப்பாள். திறந்து உள்ளே போனார். சுவரில் பெட்டி இருந்த இடத்தில் ஒரு ஓட்டை. அதிலிருந்து சாம்பல் நிற ஒயர் அறுந்து தொங்கியது. நுனியில் எதுவும் இல்லை.

திரும்பியபோது கதவின் உள்பக்கத்தைப் பார்த்தார். முழங்கால் உயரத்தில் பெயின்ட் உரிந்திருந்தது. கோடு கோடாக.

கையில் இருந்த கட்டிங் பிளேயரால் அந்த ஒயரைச் சுவரோடு ஒட்ட நறுக்கினார். கீழே இறங்கி வந்தார்.

ஹால். குசினி. பின்கட்டு. மாடி.

மைதீன் பாத்திமா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "இப்ப வரும்" என்றாள்.

வந்தது.

முதலில் பின்கட்டில். பிறகு குசினியில். பிறகு அவர்கள் தலைக்கு மேலேயே, ஹால் ஸ்பீக்கரில். நீளமாக உள்ளே இழுக்கும் ஒரு சத்தம். கீச்சென்று முடியும். நிற்கும். மறுபடி இழுக்கும்.

ஹாலில் தைல வாசனை பரவியது.

"இது மிஷின் சத்தம் இல்ல அண்ணாச்சி" என்றாள் அவள் மெதுவாக. "எங்க உம்மாவுக்கு இப்பிடித்தான் இழுக்கும். யாரோ மூச்சு கெடைக்காம கெடக்காவ. இந்த வீட்ல என்ன நடந்துச்சி?"

"தெரியாதும்மா" என்றார் காந்திமதிநாதன்.

சொல்லி முடித்த பிறகுதான், இதே சொல்லை முன்பு எங்கே சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது.

மாடி அலமாரியின் சாவி இன்னும் அவர் கொத்தில் இருந்தது. ரெக்கார்டர் உள்ளேயே இருந்தது, கேசட்டோடு. அதை எடுத்துக் கேட்க வில்சனுக்குத் தைரியம் வரவில்லை போலும். பழுது பார்த்துத் தருகிறேன் என்று சொல்லி அதை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்து, ஷட்டரைப் பாதி இறக்கினார். ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

பெரும்பகுதி பாத்திரச் சத்தம். அவள் ஜெபம் சொல்லும் சத்தம். நடுநடுவே அந்த ஆண் குரல், அவள் பதில், அவள் சிரிப்பு. பிறகு ஒரு காரின் சத்தம். வில்சன்.

"யாருடீ அவன்?"

"யாரும் இல்லங்க. சத்தியமா அது நாந்தான். நாந்தான் ஒங்கள மாதிரிப் பேசுனேன்."

"என்னய என்ன கிறுக்கன்னு நெனச்சியா? நானே என் காதால கேட்டேன். கூட்டிட்டு வாரேன் ஒங்க அண்ணன. அவர் முன்னால சொல்லு, யாருன்னு."

கதவு அடிபடும் சத்தம். தாழ்ப்பாள் விழும் சத்தம். கார் போய்விட்டது.

அதன் பிறகு அழுகை. அழுகையிலேயே மூச்சு மாறுவது கேட்டது. இழுப்பு தொடங்கியது. பொத்தான்களை அமுக்கும் சத்தம், ஒன்று மாற்றி ஒன்று.

"குசினியில யாராவது இருக்கியளா? மருந்து... குசினி அலமாரியில... ஹால்ல யாராவது... பின்கட்டுல..."

கொஞ்ச நேரம் மூச்சு மட்டும்.

பிறகு வாசல் மணி அடித்தது.

காந்திமதிநாதன் ஹெட்போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அண்ணாச்சி." குரல் மைக்குக்கு மிக அருகில் வந்திருந்தது. "இன்னைக்கு ஒண்ணாந்தேதி. நீங்கதான். எனக்குத் தெரியும்."

இரண்டாம் முறை மணி அடித்தது. கதவை உள்ளங்கையால் தட்டும் சத்தம், கீழே, தரையருகில்.

பிறகு, மங்கலாக, ஸ்கூட்டர் கிளம்பிப் போகும் சத்தம்.

நெடுநேரம் அந்த இழுப்பு மட்டும்தான். முடியப் போகிறது என்று நினைத்தபோது அவள் மறுபடி பேசினாள். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு.

"அண்ணாச்சி. அது எர்த்து ஒயர் இல்லன்னு எனக்கு அப்பவே தெரியும். இதக் கேப்பிய. அவுககிட்ட சொல்லிருங்க. அந்தக் கொரல் நாந்தான்னு. அண்ணங்கிட்டயும் சொல்லிருங்க."

அப்பவே தெரியும் என்கிறாள். தெரிந்தும் மாதம் தவறாமல் காப்பி போட்டுக் கொடுத்திருக்கிறாள்.

அந்த இடத்தில் ஒரு நல்ல மனிதன் என்ன செய்திருக்க வேண்டும் என்று காந்திமதிநாதனுக்குத் தெரியும். அவர் அதைச் செய்யவில்லை. மணிச் சத்தம் அதில் இருந்தது. ஸ்கூட்டர் சத்தம் இருந்தது. இதை ஒருவர் கேட்டால் போதும். கேசட்டை முதலில் இருந்து வைத்து, மைக் எதுவும் இல்லாமல், பதிவு செய்யும் பொத்தானை அமுக்கினார். அழியட்டும்.

ரெக்கார்டரின் முகப்பில் சத்தத்தின் அளவைக் காட்டும் பச்சைப் பட்டைகள் உண்டு. அவை அசையாமல் இருக்க வேண்டும். எந்த ஒயரும் அதில் மாட்டவில்லை.

பட்டைகள் மெதுவாக ஏறின. நின்றன. சரிந்தன.

மறுபடி ஏறின.

ஹெட்போனில் ஒரு சத்தமும் இல்லை. ஆனால் பட்டைகள் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன.

அவற்றுக்குக் கீழே சின்னத் திரையில் ஒரு வரி தெரிந்தது. இணைப்பு ஒன்று. மாடி.

அந்த வீடு அங்கிருந்து இரண்டு மைல்.

கேசட் ஓடி முடிந்த பிறகும் பட்டைகள் நிற்கவில்லை. அவர் பிளக்கைப் பிடுங்கினார். ஷட்டரை ஏற்றினார். வெளியே வெயில் அடித்தது, பஸ் போயிற்று, பூக்காரி கூவிக்கொண்டு போனாள். எல்லாம் வழக்கம்போலத்தான் இருந்தது. அவர் மட்டும் கடைக்குள் திரும்பிப் பார்க்காமல் படியில் உட்கார்ந்திருந்தார்.

நான்கு நாள் அவரால் சாப்பிட முடியவில்லை. "என்ன, டாக்டர்ட்ட போவமா?" என்று மனைவி பிரம்மநாயகி கேட்டுக்கொண்டே இருந்தாள். ஐந்தாம் நாள் காலை, தூத்துக்குடிக்குச் சாமான் வாங்கப் போகிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டு, உவரி பஸ்ஸில் ஏறினார். எங்கே போகிறார் என்று ஒரு மனிதரிடமும் சொல்லவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுகூட, பாதி வழியில் இறங்கிவிடலாம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்.

கிறிஸ்துமஸ் நெருங்கியிருந்தது. உவரியில் வீட்டுக்கு வீடு நட்சத்திரம் கட்டியிருந்தார்கள். ஃபிளோராவின் அண்ணன் அருளப்பன் வீட்டில் மட்டும் இல்லை. கடலைப் பார்த்த சின்ன ஓட்டு வீடு. முற்றத்து மணலில் படகு எஞ்சின் ஒன்றைப் பிரித்துப் போட்டிருந்தார். அகலமான தோள். நரைத்த மீசை. காந்திமதிநாதன் வேலி ஓரம் வந்து நின்றதும், ஸ்பேனரோடு எழுந்து நின்றார். யார் என்று கேட்கவில்லை.

"நான் பாளையங்கோட்டையில இருந்து வாரேன். ஒங்க தங்கச்சி வீட்டுக்கு ஒயர் இழுத்தவன்."

"சொல்லுங்க."

அவர் சொன்னார். தனி ஒயரையும் கேசட்டையும் பற்றி. ஜூலை மாதம் கேட்ட குரல் பற்றி, அவள் சிரித்தது பற்றி. சிங்கப்பூரில் இருந்து வந்த போனுக்குத் தான் சொன்ன பதிலை, சொன்னபடியே சொன்னார். இரண்டு முறை மணி அடித்ததையும், திரும்பிப் போனதையும், கடைசியில் கேசட்டை அழித்ததையும் சொன்னார். "கையில ஆதாரம் ஒண்ணும் இல்ல. என் வாய்தான் இருக்கு" என்று முடித்தார்.

ஸ்பேனரைப் பிடித்த அருளப்பனின் கை இறுகி இறுகித் தளர்ந்தது.

"தாழ்ப்பாளத் தொறந்தது நாந்தான்" என்றார். "கதவ ஒட்டிக் கெடந்தா. வில்சன் சொன்னத நம்பிட்டேன். அவ மொகத்தக்கூட சரியாப் பாக்கல. கல்லறைத் திருநாள் அன்னைக்கு அடக்கம். ஊரே மெழுகுதிரி ஏத்துது. இவ குழிக்கு நான் ஏத்தல. சிலுவையில பேரு எழுதக் கூடாதுன்னும் சொல்லிட்டேன்."

"நான் அன்னைக்கே சொல்லிருந்தா..."

"ஆமா" என்றார் அருளப்பன். "சொல்லிருந்தா."

கடல் இரைந்தது. காந்திமதிநாதன் அடிக்காகக் காத்திருந்தார். அது விழுந்தால் நல்லது என்றுகூட இருந்தது.

"நீங்க வருவியன்னு எனக்குத் தெரியும்" என்றார் அருளப்பன்.

"யார் சொன்னா?"

"நாலு நாளா மத்தியானம் மத்தியானம் போன் அடிக்கி. எடுத்தா பேச்சு இல்ல. மூச்சுதான். நேத்து மட்டும் பேசுச்சி."

"என்னன்னு?"

அருளப்பன் அவர் கண்ணைப் பார்த்தார்.

"'அண்ணே, நாளைக்கு ஒருத்தர் வருவாவ. அவர அடிச்சிராத'ன்னு."

அதற்குப் பிறகுதான் அவர் குனிந்து ஸ்பேனரை மணலில் வைத்தார்.

உள்ளே போன் அடித்தது.

இருவரும் அசையவில்லை. வெயிலில் நின்று பார்க்க, திறந்திருந்த கதவுக்குள் ஒன்றும் தெரியவில்லை. மணி நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தது.

"போய் எடுங்க" என்றார் அருளப்பன். "இன்னைக்கு ஒங்களுக்காத்தான் இருக்கும்."

காந்திமதிநாதன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். கண் இருட்டிக்கொண்டு வந்தது. தடவிப் போய் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தார். உள்ளே இழுக்கும் அந்த மூச்சு, காதுக்குள்ளேயே கேட்டது.

"அது ஒங்க கொரல்தாம்மா" என்றார். "எனக்கு அன்னைக்கே தெரியும். பயந்துட்டேன்."

மூச்சு நின்றது.

அவர் காத்திருந்தார். வெளியே ஓர் அலை வந்து உடைந்து திரும்பியது. பிறகு அந்தப் பக்கத்தில் யாரோ மூச்சை வெளியே விட்டார்கள். தடையில்லாமல், நீளமாக.

ஆனால் போனை வைக்கவில்லை.

பின்னால் காலடி கேட்டது. அருளப்பன் மணல் ஒட்டிய கையை நீட்டினார். ரிசீவரை வாங்கிக் காதோடு அழுத்திக்கொண்டு, சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"சொல்லு தாயி" என்றார். "கேக்கேன்."